மூடிக்குள் இருந்த மாரியம்மன்

கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் அன்று துணி இல்லை. பாட்டில்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் தலைகீழாக. ஒவ்வொன்றின் இடுப்பிலும் சணல் கட்டி, வாய் தரையைப் பார்க்க, வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே எங்கள் வீட்டுக்காரர் குத்தவைத்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழிந்த சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன பண்ணுறீக?"

"சத்தம் போடாத. ஒழுகுதான்னு பாக்கேன்."

"நான் சத்தம் போட்டா மூடி கழண்டுருமாக்கும்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நடுவில் தொங்கிய பாட்டில் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு சொட்டு விட்டது. திறந்த வாய்க்குள் நேராக விழுந்தது. அவர் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "ஓமம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார்.

அதற்குள் அடுத்த பாட்டிலும் சொட்ட ஆரம்பித்தது. தெரு முழுக்க மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் நெடி. எங்கள் கொல்லையில் மட்டும் ஓமமும் சீனியும் கலந்த வாசனை. எறும்புகள் சுவரோரமாகச் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. ஈரச் சேலைகளை எங்கே காயப்போடுவது என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையைச் சொன்னேன். இது அதற்குக் கொஞ்ச காலம் கழித்து நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். என் மூத்த மகள் செல்லக்கனி என் இடுப்பைவிட்டு இறங்காத வருஷம். அது போதும்.

வெடிக்காரர் வீட்டுப் பிள்ளை

எங்கள் வீட்டுக்காரருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், சிவகாசியில் வெடிக் கம்பெனி வைத்திருந்தார். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, பிளஷர் கார். அவர் வந்தால் தெருநாய்கூட எழுந்து நிற்கும்.

அந்த வீட்டில் பிறந்த எங்கள் வீட்டுக்காரருக்கு வெடிச்சத்தம் என்றால் பயம்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். எதிரே உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். "இந்த வயசுக்கு மேல யாரு சிரிச்சா என்ன, எழுது" என்றார். ஆகையால் தைரியமாக எழுதுகிறேன்.

சாதாரணப் பயம் இல்லை. தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர், விடிவதற்கு முன்பே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, காது வலி என்று படுத்துவிட்டார். என் அப்பா பதறிப்போய்ப் பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெயைச் சுடவைத்து மாப்பிள்ளை காதில் ஊற்றினார். மாப்பிள்ளை அந்தச் சூட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாரே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. தீபாவளிப் பலகாரத்தில் எல்லாம் பூண்டு வாசம் வருகிறது என்று மட்டும் பிறகு சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு அண்ணன் கொடுத்திருந்த வேலை என்ன தெரியுமா? சாம்பிள் பார்ப்பது. கம்பெனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில், அன்றன்றைக்குச் செய்த சரக்கில் ஒவ்வொன்றை எடுத்துக் கொளுத்தி, சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வெளியாளை வைத்தால் நமத்துப் போனதையும் நல்லது என்று சொல்லிவிடுவான், வீட்டுப் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்பது மூத்தாரின் கட்சி.

சில மாதம் செய்தார். சாப்பாட்டில் உட்கார்ந்தால் சோற்றைப் பிசையும்போதே விரல் நடுங்கும். அப்பளத்தை நொறுக்கினால் தோள் தூக்கிப் போடும்.

"அத்தான்கிட்ட சொல்லிருங்க" என்பேன். மூத்தாரை நான் அத்தான் என்றுதான் சொல்வேன்.

"என்னன்னு சொல்ல? வெடிக் கம்பெனிக்காரன் தம்பி வெடிக்குப் பயப்படுதான்னா? ஊரு சிரிக்காதா?"

கடைசியில், மருந்து வியாபாரத்தில் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அண்ணனிடம் ஒரு கதை விட்டுவிட்டு விருதுநகருக்கு வந்து சேர்ந்தார். கைக்குழந்தைகளுக்கு வயிற்று வலிக்குக் கொடுக்கிற ஓமத் தண்ணீர். 'அழுகை நிவாரணி' என்று நான்தான் பெயர் வைத்தேன்.

மூத்தார் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் அடைத்த பாட்டில்களைக் கையில் எடுத்தார். கையெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒழுகுற சரக்கு நம்ம குடும்பத்துல இருந்து போகக் கூடாது தம்பி. ஆடி கடைசி வெள்ளிக்குள்ள ஒழுகாத மூடி போட்டுக் காட்டு. இல்லேன்னா தீபாவளி சீசனுக்குக் கம்பெனிக்கு வந்திரு. சாம்பிள் பாக்க ஆளில்லாமக் கிடக்கு."

கொல்லையில் பாட்டில்கள் ஏன் தலைகீழாகத் தொங்கின என்பது இப்போது புரிந்திருக்கும்.

தக்கை, ரப்பர், கோலி

முதலில் போட்டது தக்கை. நம் ஊர் வெயிலுக்குத் தக்கை காய்ந்து உதிரும். மருந்தில் கறுப்புக் கறுப்பாய் மிதக்கும். பூச்சி கிடக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பூச்சி இல்லை என்று நிரூபிக்க எங்கள் வீட்டுக்காரர் அவர்கள் முன்னாலேயே ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவார். அந்த மாதம் முழுக்க அவருக்கு அபாரமாகப் பசித்தது.

அடுத்தது ரப்பர் அடைப்பான். ஒழுகவில்லை. ஆனால் உள்ளே இருந்த மருந்து சைக்கிள் டியூபை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. செல்லக்கனி ஒரு சொட்டை நாக்கில் வாங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, என் முகத்திலேயே துப்பினாள்.

அடுத்த தெரு சோடா கம்பெனிக்காரர் உதவிக்கு வந்தார். "கோலி பாட்டில்ல அடைச்சுத் தாரேன். சொட்டு வெளிய வந்தா என்னைக் கேளுங்க" என்றார். அடைத்தும் கொடுத்தார். கோலியை உள்ளே தள்ளக் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். டப்! ஓமத் தண்ணீர் உத்தரம்வரை அடித்தது. பிள்ளை அழவில்லை, கைதட்டிச் சிரித்தது. எங்கள் வீட்டுக்காரரைத்தான் காணவில்லை. தெருமுனையில் போய் நின்றுகொண்டு, "பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்று அங்கிருந்தே கேட்டார்.

பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு மூடி வியாபாரி வந்தார். நகைக் கடையில் தோடு காட்டுகிற மாதிரி ஒரு தட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தார். எத்தனை விதம்! வெள்ளை, கறுப்பு, தங்க நிறம், ஓரத்தில் வரி போட்டது, போடாதது. சுற்றுப்பட்டுப் பெண்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நான் தங்க நிறத்தில் ஒரு தகரத் திருகு மூடியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதைக் காதோரம் வைத்துத் தட்டினார், மோந்தார், கடித்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

"மூடி சும்மா தொப்பிதான் சார். உள்ள ஒரு வட்ட அட்டை இருக்கு பாருங்க, அதுதான் உயிர். அது இல்லைன்னா என்ன முறுக்கினாலும் ஒழுகும்" என்றார் வியாபாரி.

உண்மைதான். ஆனால் அவர் கொடுத்த அட்டை எங்கள் மருந்தில் ஊறி இட்லியாகப் பூரித்துப் பிய்ந்தது. கொடியில் தொங்கிச் சொட்டியவை அந்தப் பாட்டில்கள்தான்.

மெழுகும் அட்டையும்

சாத்தூரில் என் சித்தப்பா வீட்டுக்குப் பின்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்தார். அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள், எங்கள் வீட்டுக்காரரை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், தீக்குச்சிகளுக்கு மருந்து முக்குவதற்கு முன்னால் மெழுகில் தோய்த்து எடுப்பார்கள் அல்லவா, அந்த மெழுகுச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார். கையில் கல்யாணப் பத்திரிகை ஒன்று. அதைக் கிழித்துக் கிழித்து மெழுகில் முக்கி, தண்ணீர்ச் செம்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊறல பாத்தியா!" என்று கத்தினார். யாருடைய கல்யாணப் பத்திரிகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை.

மெழுகு கிடைத்துவிட்டது. அட்டைக்குச் சிவகாசி இருக்கிறதே! காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்களில் கலர் தள்ளிப்போன சாமி படங்கள் கட்டுக் கட்டாகக் கழிவில் கிடக்கும். முருகனுக்கு உதடு இரண்டு வரிசை இருக்கும். சரஸ்வதியின் வீணை ஓர் அங்குலம் நகர்ந்து அந்தரத்தில் நிற்கும். நல்ல கெட்டி அட்டை. அதை வாங்கிவந்து வட்டம் வட்டமாக வெட்டி, மெழுகில் தோய்த்து, படம் உள்ள பக்கம் மூடியின் தகரத்தைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மருந்தைப் பார்க்க உள்ளே வைத்தார். அச்சு மை பிள்ளைகள் மருந்தில் படக்கூடாது என்பதில் அவர் வெகு கண்டிப்பு.

மறுபடி கொடியில் தொங்கவிட்டோம். ஒரு பொழுது போயிற்று, மறு பொழுதும் போயிற்று. ஒரு சொட்டு இல்லை. எறும்புகள் வந்து வரிசையில் நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போயின. எங்கள் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு கொல்லையில் ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

சாமி கிடைச்சுச்சா?

சரக்கு கடைகளுக்குப் போனது. சந்தோஷம் நீடிக்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி மூடிக்குள் நகத்தை விட்டு அந்த அட்டையை நெம்பிப் பார்த்திருக்கிறாள். உள்ளே மெழுகு பூசிப் பளபளவென்று லட்சுமியின் உள்ளங்கை! கண்ணில் ஒற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான், ஊருக்குள் தீயாகப் பரவிவிட்டது. எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. "ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" "மயிலு களுத்து." "எனக்கு வேலுல பாதி. மீதி யாருகிட்ட இருக்குன்னு தெரியல." பிள்ளை பெறாதவர்கள் வாங்கினார்கள், கல்யாணமே ஆகாதவர்கள் வாங்கினார்கள். ரயிலடியில் மூட்டை தூக்குகிற ஒருவர் முழுப் பிள்ளையாரைச் சேர்த்துவிட்டார், தும்பிக்கை நுனி மட்டும் பாக்கி என்றார்கள்.

அட்டையை எடுத்துவிட்டால் பாட்டில் ஒழுகாமல் என்ன செய்யும்? "மருந்து நல்லாத்தான் இருக்கு, மூடிதான் சரியில்ல" என்று எங்களிடமே வந்து குறை சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் வெறும் வெள்ளை அட்டை போட்டுப் பார்த்தார். டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி சாமி அட்டை போட்டு, 'உள்ளே இருக்கும் அட்டையை எடுக்கக் கூடாது' என்று லேபிளில் அச்சடித்தார். அதுவரை விஷயம் தெரியாதவர்களும் அதைப் படித்துத் தெரிந்துகொண்டு எடுத்தார்கள்.

இதற்குள் ஆடி கடைசி வெள்ளி வந்துவிட்டது.

இருக்கன்குடிக்குப் போன பாட்டில்

காலையில் வாசலில் பிளஷர் கார் வந்து நின்றது. மூத்தாரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருக்கன்குடிக்கு அம்மனைக் கும்பிடப் போகிறார்களாம். சிவகாசியிலிருந்து இருக்கன்குடிக்கு விருதுநகர் வழியாகப் போவது சுற்று வழி. அந்தச் சுற்று எங்களுக்காகத்தான்.

மூத்தார் அடுக்கியிருந்த பாட்டில்களில் ஒன்றைத் தானே உருவினார். சந்நிதியில் கட்டுவதற்கு வைத்திருந்த பட்டு வேட்டிக்குள் அதைச் சுற்றி, தலைகீழாகப் பைக்குள் வைத்தார்.

"போயிட்டு வாரேன். திரும்பி வரையில வேட்டி ஈரமில்லாம இருந்தாச் சரி. என்ன தம்பி?"

"சரிண்ணே."

கார் போனதிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "அட்டை இருந்தா ஒழுகாதுல்ல? ஒழுகாதுல்ல?" என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே நடந்தார்.

மத்தியானம் தாண்டிக் கார் திரும்பி வந்தது. மூத்தார் இறங்கினார். இடுப்பில் டிரைவருடைய வேட்டி. நெற்றி நிறைய மஞ்சள். ஒரு காதில் வேப்பிலை. முட்டிக்குக் கீழே சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. கையில் பாதி காலியான பாட்டில்.

பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒழுகிருச்சு தம்பி. திங்கக்கிழமை கம்பெனிக்கு வந்திரு."

எங்கள் வீட்டுக்காரர் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரிண்ணே, வாரேன்" என்றார். எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை எனக்கு. அடுப்படிக்குள் போனேன்.

அங்கே அக்கா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"ஏட்டி, இந்தக் கூத்தைக் கேளு! வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. நேரமாயிருச்சுன்னு அதையே கட்டிக்கிட்டு வரிசைல நின்னாக. பின்னால நின்ன பொம்பள, 'ஓம வாசம் வருது, யாரோ பச்சைப்பிள்ளைக்காரிக நிக்காக, வழி விடுங்க'ங்கா. உங்க அத்தான் மீசையைப் பாத்துட்டு கம்முன்னு ஆயிட்டா. பெறகு எறும்பு ஏறுச்சு பாரு. சீனித் தண்ணில்ல? சந்நிதிக்கு முன்னால போய் ஒரே குதி! தையா தக்கான்னு குதிச்சாக. அம்புட்டுத்தான், சாமி வந்துருச்சுன்னு சனங்க மஞ்சத் தண்ணிய ஊத்தி, வேப்பிலையைச் சொருகிட்டாக."

"அய்யய்யோ! பெறகு?"

"பெறகென்ன, குறி கேட்டாக. மழை வருமா, வெதைக்கலாமா ஆத்தான்னு ஒரு சம்சாரி. 'வரும் வரும், ஆளை விடு'ன்னாக உங்க அத்தான். கூட்டமே குலவை போட்டுருச்சு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அட்டை உள்ளே இருந்தால் ஒழுகாது. இது எனக்குச் சத்தியமாகத் தெரியும். அப்படியானால்?

இடுப்பிலிருந்த பிள்ளை

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நிற்போம். ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவருக்கோ தூணுக்கோ சொல்வதுபோலச் சொல்வோம். எனக்கு இடுப்பிலேயே ஆள் இருந்தது. கூடத்துக்கு வந்து, மேஜையில் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். உள்ளே வெறும் தகரம்.

"ஏட்டி செல்லக்கனி, பெரியப்பாகிட்ட கேளு. மூடிக்குள்ள இருந்த அட்டை எங்க போச்சுன்னு கேளு."

செல்லக்கனி "ப்பூ" என்று எச்சில் குமிழி விட்டாள். மூத்தார் உத்தரத்தைப் பார்த்தார்.

"நீ உள்ள போ" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் போகவில்லை. "கேளுட்டி. அவ்வையாரு மாதிரி வாயை வச்சுக்கிட்டு இப்பப் பேசாம இருந்தா எப்படி? உங்கப்பா திங்கக்கிழமை போகணும்ல, அதுக்கு முன்னால கேளு."

மூத்தார் நினைத்திருந்தால் ஓர் அதட்டு அதட்டி எழுந்து போயிருக்கலாம். அவரைக் கேட்க ஆள் கிடையாது. ஆனால் தம்பியின் கையைப் பார்த்தார். நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அந்தக் கை நாற்காலியையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப் பைக்குள் கையை விட்டார். வட்ட அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணும் மூக்குத்தியுமாக முழு முகம், மாரியம்மன். கலர்கூடத் தள்ளிப்போகவில்லை.

"ஏட்டி, உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார் பிள்ளையைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. "கம்பெனியில எல்லாப் பயலும் சாமி சேக்கான். சாத்தூரு தாண்டினதும், எனக்கு என்னதான் வந்திருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வச்சிரலாம்னுதான் நெம்பினேன். இருக்கன்குடிக்குப் போற வழியில மாரியாத்தா முகமா வந்து நின்னா, அதைத் திருப்பி எப்படித் தாயி மூடிக்குள்ள அடைப்பேன்? மூடி ஒழுகல. நான்தான் ஒழுகவிட்டேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மூத்தார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இன்னும் பிள்ளையிடம்தான் பேச்சு.

"உங்கப்பன் எதுக்கு இங்கன ஓடி வந்தான்னு எனக்குத் தெரியாதா? சின்னதுல தீபாவளிக்குத் தீபாவளி இவன் காதை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு நின்னவன் நான். பெரியவனானதும் சரியாகும்னு நெனச்சு அந்த வேலையைக் கொடுத்தேன். ஆகல. பயந்து போனான்னு நாலு பேரு பேசக் கூடாதுல்ல? அதான் மூடி, மூடின்னு ஊரு பூரா மூடியைப் பத்திப் பேச வச்சேன்."

எங்கள் வீட்டுக்காரர் நின்றபடியே அழுதார். துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தாரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர்மேல் பிரியம் வந்தது.

மூத்தார் எழுந்தார். மேஜைமேல் இருந்த மாரியம்மனை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்.

"திங்கக்கிழமை யாரும் எங்கயும் வர வேண்டாம்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு. அட்டையை மட்டும் திருப்பித் தர மாட்டேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."